சித்தி: ஜாவாவில் கணிப்பு வழங்கும் செயலி

சித்தி, மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர் ஆய்வாகத் தொடங்கி டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் வளர்த்தெடுத்த, ஜாவாவில் எழுதப்பட்ட நிகழ்வுச் செயலி. வேறிடத்தில் பயிற்றி பிஎம்எம்எல் எனும் பொது வடிவக் கோப்பாகச் சேமித்த கணிப்பு மாதிரியைத் தொடக்கத்தில் ஒருமுறை நினைவகத்தில் ஏற்றினால், வந்துசேரும் ஒவ்வொரு தரவுக்கும் உடனுக்குடன் கணிப்புத் தரும்.

இலங்கையின் பதுளை மாவட்டத்தில் மண்சரிவு அபாயமுள்ள தோட்டங்களுக்கு அந்த வேகம் உயிர்ப் பிரச்சினை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு தொழிலாளரின் லயன் குடியிருப்புகளை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணிநேர மழை 75, 100, 150 மில்லிமீற்றரைத் தாண்டும்போது படிப்படியாக எச்சரிக்கிறது. மழையுடன் மலைச்சரிவு, மண்ணீரம் ஆகியவற்றையும் கணக்கிலெடுக்கும் மாதிரியைச் சித்தியில் இயக்க முடியும். ஆனால் உள்ளீட்டின் அலகு பயிற்சியில் இருந்ததாகவே இருக்கவேண்டும். மில்லிமீற்றருக்குப் பதில் அங்குலம் புகுந்தால், பிழைச்செய்தி எதுவுமின்றிக் கடும் மழையும் தூறலாகவே கணிக்கப்படும்.