ஒன்றுமே நடக்காத அந்த ஜனவரி 1



"ஒய்2கே, ஒய்2கே என்று பயமுறுத்தினார்களே, கடைசியில் ஒன்றுமே நடக்கவில்லையே. எல்லாம் புரளிதானே சார்?" என்று மாலை நடைப்பயிற்சியில் ஓர் இளைஞர் கேட்டார். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அதனால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரின் நினைவகம் விலை அதிகம். இடத்தை மிச்சப்படுத்த ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்தார்கள். 1965 என்றால் 65. கணக்கு எழுதும் எங்களுக்கும் அது பழக்கம்தான். ஆனால் 1998-ல் மூன்று வருட டெபாசிட் போட்டால் முதிர்வு ஆண்டு 01. 98-க்குப் பிறகு 01 வரும் என்பது மனிதனுக்குப் புரியும். இயந்திரமோ 98-லிருந்து 01-க்குப் பின்னோக்கிப் போய்விடும்.

அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தைப் பாருங்கள். ஓய்வு பெற்றவர்கள், கணவரை இழந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் என அப்போது 4 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மாதாமாதம் பணம் வழங்கிவந்த அரசுத் துறை அது. ஒரு மாதம் தவறினால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாது என்று யோசியுங்கள். அங்கே 1989-லேயே பிரச்சினை தலைகாட்டிவிட்டது. கூடுதலாகக் கொடுத்துவிட்ட தொகையைத் தவணையில் பிடிக்கும் புரோகிராம், 2000-ஐத் தாண்டிய தேதிகளைக் கையாள முடியாமல் திணறியது. உடனே வேலையைத் தொடங்கினார்கள். 3 கோடி வரிகளுக்கும் மேற்பட்ட புரோகிராமை ஆராய்ந்து, திருத்தி, சோதித்தார்கள்.

இவ்வளவு முன்கூட்டித் தொடங்கியவர்களும் ஒன்றை விட்டுவிட்டார்கள். யாருக்கு ஊனமுற்றோர் உதவி கிடைக்கும் என்று முடிவு செய்வது மாநில அலுவலகங்கள். மொத்தம் 54. பணம் மத்திய அரசுடையது, நடத்துவது மாநிலம். அவற்றின் கம்ப்யூட்டர்கள் முதல் பட்டியலில் இல்லை. 1997-ல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இதைச் சுட்டிக் காட்டியது. பிறகு அவற்றையும் சேர்த்தார்கள். பணத்தை அனுப்புவது நிதித் துறை என்பதால் அதன் கம்ப்யூட்டரும் தயாராக வேண்டியிருந்தது. 1998 டிசம்பர் 28 அன்று "தயார்" என்று அதிபர் கிளிண்டனே அறிவித்தார். 2000 ஜனவரியில் பணம் வழக்கம்போல் போய்ச் சேர்ந்தது. ஒன்றும் நடக்காததால் அது செய்தியாகவும் ஆகவில்லை.

"வேலை பார்க்காமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது" என்பார்கள் சிலர். அவர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே அரசு மருத்துவச் சேவையின் ஒரு கம்ப்யூட்டர், கர்ப்பிணிகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டது. அந்தக் கணக்குக்குத் தாயின் வயது மிக முக்கியம். 2000 பிறந்ததும் வயதைத் தப்பாகக் கணக்கிட ஆரம்பித்தது. இயந்திரம் நிற்கவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. தினமும் சரியாக வேலை செய்வதுபோலவே தப்பான விடைகளைத் தந்துகொண்டிருந்தது. மே 24 வரை யாரும் அதைத் திருத்தவில்லை. 154 பெண்களுக்குத் தவறான முடிவு போனது. அபாயம் குறைவு என்று சொல்லப்பட்டவர்களில் நால்வருக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் பிறந்தன. அந்தக் குழந்தைகளைக் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுக்கவும், மனதைத் தயார் செய்துகொள்ளவும் அந்தத் தாய்மார்களுக்கு இருந்த உரிமை, இரண்டு இலக்கக் கணக்கில் போய்விட்டது. அதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே அந்த இளைஞருக்கு என் பதில் இது: அது புரளி இல்லை. பல்லாயிரம் பேர் இரவு பகலாகச் செய்த வேலை பலித்தது. விட்டுப்போன இடத்தில் விலை கொடுத்தார்கள்.

இதே மாதிரி இன்னொரு தேதி வருகிறது. பல பழைய கருவிகள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளாக எண்ணுகின்றன. 32 பிட் எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8:44-க்கு நிரம்பிவிடும். இன்னும் காலம் இருக்கிறதே என்பீர்கள். ஷெஃபீல்டிலும் காலம் இருந்தது. நம் சங்கம் இனி சிசிடிவி பதிவுக் கருவி, வாசல் கதவின் கைரேகைக் கருவி போன்றவற்றை வாங்கும்போது, "2038-க்குப் பிறகும் தேதி சரியாக இருக்குமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்கலாம். நமக்குச் சொந்தமில்லாத, ஒப்பந்ததாரர் வைத்திருக்கும் கருவிகளையும் அந்தப் பட்டியலில் மறக்காமல் சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பொதுக்குழுவில் தீயணைப்புக் கருவிச் சோதனைக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் செலவுக் கணக்கு வரும்போது, "ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு இவ்வளவு?" என்று யாராவது கேட்பது வழக்கம். நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். இந்த ஆண்டு கேட்க மாட்டேன்.