அப்பாவோடு கப்பலேறிய பையன்

என் நண்பர் ஒருவர் கண் வைத்தியர், பாளையங்கோட்டைக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். அங்கே கேட்டதைத் திங்கட்கிழமையும் ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் எனக்குள்ள மதிப்புக்குக் காரணம் இந்த இரண்டாவது குணந்தான்.

சென்ற கோடையின் ஆரம்பத்தில் ஒரு நாள் மாலை மகனையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் திருச்சபையார் நடத்தும் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில், ஒரு மாதம் சம்பளம் வாங்காமல் வேலை செய்ய ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "பையனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பதினைந்து வயதாகிறது. கஷ்டப்படுகிற ஜனங்களை இவன் பார்க்க வேண்டாமா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"ரொம்ப நல்ல காரியம்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

சற்று நேரத்தில் அவருக்கு டெலிபோன் வந்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார். அதுவரை சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்த பையன் என் பக்கம் திரும்பினான்.

"என்னை யாரும் கேட்கவே இல்லை, மாமா" என்றான்.

அவன் குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். ஆனால் அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இருநூறு வருஷங்களுக்கு முன் வாழ்ந்த இன்னொரு பையனின் ஞாபகம் வந்துவிட்டது. நான் சரித்திர ஆசிரியன் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். இருந்தாலும் இந்தப் பையனின் கதையை நான் கற்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும்.

சில வருஷங்களுக்கு முன் கல்கத்தாவுக்குப் போயிருந்தபோது, ஹூக்ளி நதிக்கரையில் உள்ள செராம்பூருக்கும் போயிருந்தேன். எதிர்க்கரையில் பாரக்பூர். நதியை ஒட்டி, உயரமான தூண்கள் தாங்கி நிற்கும் பழைய கல்லூரி ஒன்று இருக்கிறது. 1818-இல் அதை ஸ்தாபித்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் கேரி. இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். தைத்துக்கொண்டே லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு என்று பல பாஷைகளைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். பிறகு ஒரு சிறிய சபைக்குப் பாதிரியார் ஆனார். காகிதங்களை ஒட்டி உலகப் படம் ஒன்று தயாரித்துத் தம் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாராம். தோலைத் தைத்துக்கொண்டிருந்த மனிதரின் கண் அந்தப் படத்தின் மேலேயே இருந்திருக்க வேண்டும்.

அவருடைய மனைவி டாரதி எழுதப் படிக்கத் தெரியாதவள். 1781-இல் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கீறல்தான் போட்டாள். பிறந்த கிராமத்திலிருந்து சில மைல் தூரத்துக்கு அப்பால் உலகம் இருக்கிறது என்பதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை.

1792 அக்டோபரில், கெட்டரிங் என்ற ஊரில் பாப்டிஸ்டு பாதிரிமார் சிலர் கூடி ஒரு மிஷன் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அன்று சேர்ந்த நிதி பதின்மூன்று பவுன், இரண்டு ஷில்லிங், ஆறு பென்ஸ். இந்த மூலதனத்தோடு இந்தியாவுக்குப் புறப்படக் கேரி முன்வந்தார். டாரதி வர மறுத்துவிட்டாள். அப்போது அவள் கர்ப்பிணி. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேரி என்ன செய்தார் தெரியுமா? மூத்த மகன் பெலிக்ஸை மட்டும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கப்பலேறிவிட்டார். பையனுக்கு ஏழெட்டு வயது. ஆனால் அந்தக் கப்பல் அவர்களை அழைத்துச் செல்லவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தரவுச் சீட்டு இல்லாதவர்கள் என்று அப்பாவையும் பிள்ளையையும் கூட வந்தவர்களையும் மூட்டை முடிச்சோடு கரையில் இறக்கிவிட்டார்கள். அதற்குள் டாரதிக்குக் குழந்தை பிறந்திருந்தது. மறுபடியும் கெஞ்சிக் கேட்டதன் பேரில், "என் தங்கை கூட வந்தால் வருகிறேன்" என்று அரைமனதோடு சம்மதித்தாள். 1793 ஜூன் 13-ந் தேதி, டேனிஷ் கப்பல் ஒன்றில் குடும்பம் முழுவதும் புறப்பட்டது. கைக்குழந்தைக்குச் சில வாரங்களே ஆகியிருந்தன. வங்காளக் கரையை அவர்கள் பார்த்தது நவம்பர் மாதத்தில்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் ஒரு நாவலில் எழுதினால், "ஆசிரியருக்கு ஈவிரக்கமே இல்லையா?" என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். கொண்டுவந்த பணம் கரைந்துவிட்டது. கல்கத்தாவிலிருந்து சுந்தரவனக் காட்டோரத்துக்கும், அங்கிருந்து வடக்கே முத்னாபட்டி என்ற இடத்தில் இருந்த அவுரித் தொழிற்சாலைக்கும் குடும்பம் அலைந்தது. 1794-இல் ஐந்து வயதுப் பீட்டர் சீதபேதியில் இறந்துபோனான். குழி தோண்ட ஆள் கிடைப்பதே பெரும்பாடாயிற்று. அந்தத் துக்கத்திலிருந்து டாரதி மீளவில்லை. அவளுடைய புத்தி கலங்கியது. பிறகு 1807-இல் அவள் கண் மூடும் வரையில், பெரும்பாலும் பூட்டிய அறைதான் அவளுக்கு உலகமாக இருந்தது.

அப்பாவோ, பக்கத்து அறையில் உட்கார்ந்து வங்காளியில் வேதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். இதை எழுதும்போது எனக்குக் கேரியின் மேல் கோபம் வருகிறது. அடுத்த நிமிஷமே அது தணிந்தும் விடுகிறது. அவர் கல் நெஞ்சர் அல்ல. மனைவியைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பச் சொன்னவர்களின் யோசனையை அவர் ஏற்கவில்லை. கடைசி வரை கூடவே வைத்துக் காப்பாற்றினார். பிள்ளைகளை அதட்டக்கூடத் தெரியாத சாது அவர். ஆனால், தாய் இருந்தும் இல்லாமல், தகப்பனார் இருந்தும் புஸ்தகத்துக்குள் மறைந்துபோன வீட்டில், பிள்ளைகள் எப்படி வளரும்? காட்டுச் செடிபோல வளர்ந்தார்கள். கூட இருந்தவர்களே அதைக் கண்டு வருத்தப்பட்டார்கள்.

கம்பெனியின் எல்லைக்குள் மிஷனரிகளுக்கு இடம் இல்லை. ஆனால் செராம்பூர் அப்போது டென்மார்க் அரசருக்குச் சொந்தம். நம் தரங்கம்பாடியும் அதே கொடியின் கீழ்தான் இருந்தது. 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கி, பின்னர் தமிழில் அச்சுப் போட்டது அங்கேதான். இரண்டு ஊர்களையும் டேனிஷ்காரர்கள் 1845-இல் ஒன்றாகவே ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1800 ஜனவரியில் கேரியின் குடும்பம் செராம்பூருக்குக் குடிவந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு இங்கிலாந்திலிருந்து வந்திருந்தவர்களில் மார்ஷ்மன் பள்ளிக்கூட ஆசிரியர். வில்லியம் வார்டு அச்சுத் தொழில் அறிந்தவர்.

பெலிக்ஸுக்கு அப்போது பதினான்கு, பதினைந்து வயது. அதாவது, என் நண்பரின் பையன் வயது.

வார்டு அந்தப் பையனைப் பார்த்தார். உபதேசம் செய்வதற்கு முன்னால் அவன் கையில் எழுத்துக் கோக்கும் வேலையைக் கொடுத்தார். அச்சுக்கூடம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு தனி ஈயத் துண்டு. அறை அறையாகப் பிரித்த பெட்டியிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாகக் கோத்து, வரி வரியாக அடுக்க வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் அர்த்தம் கெட்டுவிடும். வங்காளி எழுத்துகளை வெட்டிக் கொடுத்தவர் பஞ்சானன் கர்மகார் என்ற கைதேர்ந்த கம்மியர். விளையாட்டுப் பருவத்திலேயே வங்காளியைத் தாய்பாஷைபோல் பேசக் கற்றிருந்த பெலிக்ஸுக்கு அந்த எழுத்துகள் அந்நியமாக இல்லை. தகப்பனார் மொழிபெயர்த்ததை மகன் கோத்தான். வங்காளிப் புதிய ஏற்பாடு 1801-இல் வெளிவந்தது.

அப்பாவின் பிரசங்கம் செய்யாததை, அந்த அச்சுக்கூடத்து வேலை செய்தது. காட்டுச் செடி நிமிர்ந்தது. 1800 டிசம்பர் 28-ந் தேதி, ஹூக்ளி நதியில் கேரி இரண்டு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஒருவர் கிருஷ்ணபால் என்ற செராம்பூர்த் தச்சர். மற்றவன் பெலிக்ஸ். கரையில் டேனிஷ் கவர்னர் முதல் கூலிக்காரர் வரை கூட்டம். அதே சமயம், வீட்டில் டாரதி அறையில் அடைபட்டுக் கிடந்தாள். மூத்த பிள்ளை தண்ணீரிலிருந்து எழுந்ததைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இந்த இடத்தில் திரையைப் போட்டுவிட்டால், இது நல்ல நீதிக்கதையாகிவிடும். ஆனால் பெலிக்ஸுக்கு இன்னும் இருபத்திரண்டு வருஷ வாழ்க்கை பாக்கி இருந்தது.

வைத்தியமும் கற்றுக்கொண்டு பர்மாவுக்குப் போனான். (இனி "போனார்" என்று சொல்வதுதான் மரியாதை.) ரங்கூனில் அம்மை குத்தினார், பர்மிய இலக்கணம் எழுதினார். 1813-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட அடோனிராம் ஜட்சன் தம்பதிகள் ரங்கூனில் வந்து இறங்கியபோது, தங்க இடம் கிடைத்தது பெலிக்ஸ் இருந்த மிஷன் வீட்டில்தான். மறுவருஷம், அரசர் கேட்டபடி அச்சு இயந்திரத்தையும் குடும்பத்தையும் படகில் ஏற்றிக்கொண்டு ஆவா நகரத்துக்குப் புறப்பட்டார். ஐராவதி நதியில் படகு கவிழ்ந்தது. மனைவி போனாள். இரண்டு குழந்தைகள் போயின. இயந்திரமும் போயிற்று. அவர் மட்டும் கரையேறினார்.

பர்மிய அரசர் அவரைத் தம் தூதராகக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பட்டும் பரிவாரமுமாக வந்த மகனைக் கண்டு ஊர் வியந்தது. தகப்பனார் மட்டும் சந்தோஷப்படவில்லை. மிஷனரியாக இருந்தவன் தூதனாகச் சுருங்கிவிட்டானே என்று வருந்தினார். அந்த வருத்தத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் மனைவி மக்களை நதிக்குப் பறிகொடுத்து வந்த பிள்ளையிடம் அந்தச் சொல்லா முதலில் வர வேண்டும் என்று என் மனம் கேட்கிறது. உத்தியோகம் நிலைக்கவில்லை. கடன் சேர்ந்தது. வங்காளத்துக்குக் கிழக்கே மலைநாடுகளில் பெலிக்ஸ் எங்கெங்கோ திரிந்தார். 1818-இல் சிட்டகாங்கில் அவரைச் சந்தித்து, வீட்டுக்கு அழைத்து வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே வார்டுதான். பதினாலு வயதில் வேலையைக் கொடுத்து நிமிர்த்தியவரே, முப்பது தாண்டியவரைத் திரும்பவும் செராம்பூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

கடைசி நான்கு வருஷங்கள் பெலிக்ஸ் அங்கேயே தகப்பனாருக்கு உதவியாக இருந்தார். மேல்நாட்டு உடற்கூறு சாஸ்திரத்தை வங்காளி மொழியில் எழுதி அச்சிட்டார். அந்த மொழியில் விஞ்ஞானம் எழுதிய முன்னோடிகளில் ஒருவர் என்று இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். 1822 நவம்பரில், முப்பத்தேழாவது வயதில் காலமானார். தகப்பனார் அதன் பிறகும் பன்னிரண்டு வருஷம் இருந்து, 1834-இல் மறைந்தார்.

இந்தக் கதையை என் நண்பரிடம் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், "போக வேண்டாம் என்கிறீர்களா?" என்றார்.

"இல்லை. கேரி வராவிட்டால் வங்காளி அச்சுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் போகத்தான் வேண்டும். ஆனால் வேண்டுதல் உங்களுடையது. பையன் அதில் ஒரு மூட்டையாக வரக் கூடாது. அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் 'வரவில்லை' என்றாலும் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். "கேட்டேன். 'அங்கே எனக்கு என்ன வேலை?' என்று திருப்பிக் கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. கஷ்டப்படுகிற ஜனங்களைப் பையன் 'பார்க்க' வேண்டும் என்று நினைத்தாரே தவிர, பார்ப்பது ஒரு வேலையாகாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது. ஊர் ஊராகச் சேகரித்து அனுப்பிய பழைய மூக்குக் கண்ணாடிகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றனவாம். ஒவ்வொன்றின் பவரையும் அளந்து, சீட்டு ஒட்டி, வகைப்படுத்தி வைக்க ஆள் இல்லையாம். பையன் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு, "சரி, வருகிறேன்" என்றானாம். அவனுடைய அம்மாவும் அதன் பிறகுதான் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

போனார்கள்; ஒரு மாதம் இருந்தார்கள்; சுகமாகத் திரும்பி வந்தார்கள். வந்த மறுநாள் பையன் என்னைப் பார்க்க வந்திருந்தான். யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் பற்றிச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்னது வேறு.

"ஒரு பாட்டி, மாமா. நான் எடுத்துக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தன் கையைத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்."

"அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு நேரம் இல்லை. உள்ளே ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். நான்தான் பக்கத்தில் இருந்தேன்" என்றான்.

அதைச் சொல்லும்போது, அவன் காலண்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னான்.