ஒயில் மட்டம் ஏறினால் பயப்படு: மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

2022 பெற்றோல் வரிசையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் லீற்றர் 400 ரூபாயைத் தாண்டியிருந்தது, மண்ணெண்ணெய் 87 ரூபாய். இரண்டுக்கும் வரிசைதான். அந்த நாட்களில் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் ஒரே கதை. "தொண்ணூறுகளில வன்னியில கார் மண்ணெண்ணெயில ஓடினது. இதெல்லாம் ஒரு கஷ்டமே?" இதைக் கேட்ட எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் எங்கேயோ மண்ணெண்ணெய் தேடிப்பிடித்து, மோட்டார் சைக்கிளுக்குப் பாதிக்குப் பாதி கலந்து ஓடினார். ஓடத்தான் செய்தது. சில கிழமைகளில் உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு ஒருநாள் நடுறோட்டில் இறுகி நின்றுவிட்டது. கராஜில் கழற்றிப் பார்த்தால் எஞ்சின் ஒயில் குறையவே இல்லை, அளவுக்கு மேலே நின்றது. "ஒயில் நிறைய இருந்ததே சேர், பிறகு ஏன் இறுகினது?" என்று அவர் எங்களிடம் கேட்டார்.

எங்களுக்கும் தெரியவில்லை. தேடிப் போனபோதுதான், ஊரெல்லாம் சொல்லும் அந்தக் கதையின் பாதிதான் எங்கள் காதுக்கு வந்திருக்கிறது என்று விளங்கியது. அதற்குக் காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் நாங்கள் இங்கே இருக்கவில்லை.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. வடக்குக்கு வரும் எரிபொருள் தடைப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப் பட்டியல் நீண்டது. அதே வருடம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் போன எங்கள் பெற்றோர், லொறிகளையும் கடைகளையும் விட்டுவிட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் குடியேறினார்கள். யாழ்ப்பாணத்தில் பழைய இரும்பு, லொறி, உதிரிப்பாக வியாபாரத்தில் எங்கள் ஆட்களுக்குக் கணிசமான பங்கு இருந்தது. அது ஒரே நாளில் இல்லாமல் போனது. ஆகவே தடைக்காலத்துக் கார்களின் கதை எங்கள் வீட்டுக் கதை அல்ல. 2009 இற்குப் பிறகு திரும்பி வந்து, அயலவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பொறுக்கியது. எங்களுக்குப் பொதுவாக இருந்தது மண்ணெண்ணெய் விளக்கு மட்டும். இங்கே ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள், அங்கே குப்பி விளக்கில் நாங்கள்.

சரி, கார் எப்படி ஓடியது? ஒஸ்ரின் A40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற 1950களின் பிரித்தானியக் கார்கள் அப்போது வடக்கில் வாடகைக்கு ஓடின. அவற்றின் எஞ்சினில் அமுக்க விகிதம் 7 ஐச் சுற்றித்தான். இன்றைய வாகனங்களில் 9, 10, அதற்கும் மேல். மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு, கூட அமுக்கினால் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். பழைய கார் மெதுவாக அமுக்குவதால் ஒருமாதிரித் தாங்கியது. தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளினால் இன்னும் நல்லது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தல் பெற்றோலைக் காபரேற்றருக்குள் துளித்துளியாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். கண்ணெரியும் வெள்ளைப் புகையோடு வண்டி கிளம்பும். 1995 ஒக்டோபர் 30 வலிகாமம் இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துச் சனம் வன்னிக்கு வந்தபோது இந்த வித்தையும் கூடவே வந்தது. அந்தப் புகை மணத்தைச் சொல்லும்போது இன்றைக்கும் சிலருடைய முகம் மாறும்.

கதை வழக்கமாக இந்த இடத்தில் முடிந்துவிடும். 'எங்கட ஆட்களின் மூளை' என்று ஒரு பெருமையோடு. பெருமை நியாயம்தான். ஆனால் பொன்னட்டைத் திறந்தால் தெரிவது காபரேற்றர், அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். எஞ்சின் செத்தது அடியில், ஒயில் சம்பில்.

எங்களுக்கு இதை விளக்கியவர் அந்தக் காலத்தில் கராஜில் வேலை செய்த ஓர் ஐயா. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரில் ஈரமாகப் படிந்து, அங்குள்ள ஒயில் படலத்தைக் கழுவி, பிஸ்டன் றிங்கைத் தாண்டி சம்புக்குள் இறங்கும். பெற்றோலும் கொஞ்சம் இறங்கும்தான். ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடானால் பெற்றோல் ஆவியாகி வெளியேறிவிடும். மண்ணெண்ணெய் 150 பாகைக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும், சம்பு ஒயில் சாதாரணமாக அவ்வளவு சூடாவதில்லை. இறங்கியது இறங்கியதுதான். ஒயில் நாளுக்கு நாள் தண்ணியாகும், மட்டமோ ஏறிக்கொண்டே போகும். கூரை இழுத்துப் பார்க்கிறவர் "ஒயில் குறையவே இல்லை" என்று சந்தோஷப்படுவார். தண்ணியான ஒயிலில் பம்பால் அமுக்கத்தைப் பிடிக்க முடியாது. பெயரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய படலம் உடைந்து, உலோகம் உலோகத்தோடு உரசும். சம்பு நிறைந்திருக்க எஞ்சின் பட்டினியில் கிடக்கும்.

"குறைஞ்சால் ஊத்தலாம் சேர். கூடினால்தான் பயப்பட வேணும்" என்றார் ஐயா. கூரை மூக்கில் பிடித்து மணந்து பார்ப்பாராம். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் மணத்தோடு விரல் பிடித்தால் அன்றைக்கே ஒயிலை இறக்கிவிட வேண்டும். ஆனால் மாற்ற எதை ஊற்றுவது? பெற்றோல் வராத இடத்துக்கு நல்ல எஞ்சின் ஒயில் மட்டும் தாராளமாக வந்திருக்குமா? எதை இறக்குவது, எதை விட்டு ஓடுவது என்ற கணக்குத்தான் அன்றைய மெக்கானிக்கின் முழு வேலையும்.

இந்தச் சிக்கல் வன்னிக்கு மட்டும் உரியதல்ல. 1917 இல் வந்த ஹென்றி ஃபோர்ட்டின் ஃபோர்ட்சன் உழவு இயந்திரமும் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியது. பிரித்தானியாவில் உழவு இயந்திரத்துக்கென்றே மண்ணெண்ணெய் வகை எரிபொருள் ஒன்று விற்றார்கள். ஃபேர்கசன் உழவு இயந்திரத்துக்கு 1949 இல் அதற்கெனத் தனி எஞ்சினே வந்தது. அங்கேயும் அதே தலையிடி. சம்பு ஒயிலை அடிக்கடி இறக்கிப் புதிது ஊற்ற வேண்டியிருந்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே அமுக்க விகிதத்தைத் தொழிற்சாலையே குறைத்துக் கொடுத்தது, எரிபொருளைச் சூடாக்கும் அமைப்பும் கொடுத்தது, ஒயில் கடையில் கிடைத்தது. இங்கே இது ஒன்றும் இல்லை.

பந்தயக் கார்க்காரர் ஒயில் பட்டினிக்குச் சம்பையே மாற்றுவார்கள். வளைவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்பின் வாய் காற்றை உறிஞ்சாமல் உள்ளே தடுப்புத் தகடு வைப்பார்கள், கூட ஒயில் பிடிக்கும் ஆழமான சம்பு போடுவார்கள். ஆழமான சம்பை ஷெல் விழுந்த பள்ளங்களில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்டபோது ஐயா சிரித்தார். இருந்த சம்பே கல்லில் அடிபடும் றோட்டுகள் அவை.

ஆனாலும் சம்பின் அளவில்தான் எங்கள் தம்பியின் கேள்விக்கு விடை இருந்தது. மொறிஸ் மைனர் நான்கு லீற்றருக்குக் கிட்ட ஒயில் பிடிக்கும். 200 மில்லி லீற்றர் மண்ணெண்ணெய் இறங்கினால் இருபதில் ஒரு பங்கு. இன்றைய சின்ன மோட்டார் சைக்கிளில் ஒயில் ஒரு லீற்றர் அளவுதான். அதே 200 மில்லி அங்கே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. போதாததற்கு அமுக்க விகிதமும் கூட. பழைய கார் மாதக் கணக்கில் தாங்கியதை இது கிழமைக் கணக்கில் தாங்கியதே பெரிய காரியம். இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டியபோது தம்பி ஒன்றும் பேசவில்லை. "அப்பவே ஆராவது சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் பிறகு சொன்னார்.

சொல்லக்கூடியவர்கள் வயதாகிப் போகிறார்கள். 2002 இல் ஏ9 திறந்து பெற்றோல் வந்ததும் மண்ணெண்ணெய் வித்தை தேவையில்லாமல் போனது. 2009 இல் புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையே எத்தனையோ வாகனங்கள் எரிந்து கிடந்தன, பிறகு பழைய இரும்பாகப் போயின. அந்தப் பழைய இரும்பு வியாபாரத்தில் திரும்பி வந்த எங்கள் ஆட்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐயா ஒரு பால்மா ரின்னில் பழைய பெயரிங் ஓடுகள் சிலவற்றை வைத்திருக்கிறார். மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிகிறது. பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டைத் தந்திருக்கிறார், பாடசாலை அலுமாரியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கராஜிலோ வாடகைக் காரிலோ இருந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பின்னேரங்களில் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.