முழங்காலுக்குக் கீழே ஒரு நாடா

பங்குனி உற்சவம் வந்தால் திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலின் கிழக்கு நடையில் பஞ்ச பாண்டவர்கள் பிரம்மாண்ட உருவங்களாக எழுந்து நிற்பார்கள். அவர்கள் முன்னால் ஆடுவதுதான் வேலகளி. சிவப்புத் தலைப்பாகை, ஒரு கையில் பரிசை, மறு கையில் வாள் என்று வரிசை கட்டி ஆடுகிறவர்களைக் கௌரவர் படை என்பார்கள். அந்தப் படையில் யார் காலிலும் கவசம் இருக்காது. மலையாள நாட்டுப் போர்வீரன் பரிசையையும் உடலை வளைக்கும் மெய்வழக்கத்தையும் நம்பியவன். அவன் காலுக்கு இரும்பு பூட்டிக்கொண்டதில்லை.

1741 இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவன் டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்தான். அந்தப் படை கையில் எடுத்தது துப்பாக்கியை. துப்பாக்கிக் காலத்தில் கால்கவசத்துக்கு வேலையே இல்லை. ஆகவே எங்கள் கிழக்கேகோட்டையில் கால்கவசத்தின் சரித்திரத்தைத் தேடுகிறவர் கோட்டை மதிலைச் சுற்றிப் பயனில்லை. கதகளிக்கு வேஷம் கட்டும் அணியறைக்குள் போக வேண்டும்.

கோயிலின் கிழக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்துக்கு நாடகசாலை என்று பெயர். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்து நாள் உற்சவத்தின்போது இரவில் கதகளி ஆடியது அங்கேதான். 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா, தர்மராஜா என்று பெயர் பெற்றுத் திப்புவோடு மோதியவர், கதகளிக்கான ஆட்டக்கதை எழுதியவரும்கூட. ராஜசூயமும் பகவதமும் கல்யாணசௌகந்திகமும் அவர் எழுதியவை. அவருடைய மருமகன் அஸ்வதித் திருநாள் ருக்மிணி சுயம்வரம் எழுதினார். பின்னால் வந்த இரயிம்மன் தம்பி கீசகவதமும் உத்தராசுயம்வரமும் தந்தார். கப்ளிங்ஙாட்டு நம்பூதிரி வேஷத்தையும் ஆட்டத்தையும் திருத்திச் செப்பம் செய்ததும் இந்தத் தென் திருவிதாங்கூர் அரங்கை ஒட்டித்தான். சண்டைக் கதைகளில் மேடை வீரனுக்கும் கவசம் வேண்டியிருந்தது.

அந்தக் கவசம் இரும்பு அல்ல, குமிழ மரம். எடை குறைவு, செதுக்க இணக்கம். தோளுக்குத் தோள்பூட்டு, முழங்கைக்குப் பருத்திக்காமணி, மணிக்கட்டுக்கு ஹஸ்தகடகம், காலுக்குக் கச்சமணியும் தண்டப்பதிப்பும். கிரீடத்தையும் முகத்தைச் சுற்றி வைக்கும் சுட்டியையும் பற்றி எழுதாதவர் இல்லை. காலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்குக் கால்தான் முதலில் கண்ணில் படும். அது பிறந்த வீட்டுப் பழக்கம்.

என் அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கம்போளத்தில் ஒரு சந்துக்குள் டிரஸ் வாடகைக் கடை வைத்திருந்தார். 1956 நவம்பர் வரைக்கும் கன்னியாகுமரியும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியில் இருந்தன. ராஜா கேசவதாஸ் திவானாக இருந்து ஏற்படுத்திய சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள் பல தலைமுறையாக உண்டு. சரிகை, பாசிமணி, பாவாடை நாடா, ஜிகினாத்தாள், ரெக்ஸின் எல்லாம் நூறு அடிக்குள் கிடைக்கும். வேஷக்காரனுக்கு இதைவிடத் தோதான இடம் ஏது? நாடகத்துக்கும் இந்த ஊர் புதிதில்லை. அவ்வை சண்முகம் 1912 இல் பிறந்தது இங்கேதான். அவருடைய அப்பா கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேஷத்தில் பேர் எடுத்தவர். 1918 இல் சங்கரதாஸ் சுவாமிகளின் மதுரைக் கம்பெனியில் சேர்ந்த அவருடைய பையன்கள்தான் பிற்பாடு டி.கே.எஸ். சகோதரர்கள் ஆனார்கள்.

அப்பாவின் கடைக்கு முக்கிய வாடிக்கை கோயில் உற்சவங்களுக்குப் போய்ப் புராணக் கதை ஆடும் பாலே குழுக்கள். பீமன், கர்ணன், ராவணன் என்று வாரத்துக்கு ஒரு படையே கிளம்பும். கவசமெல்லாம் வீட்டுத் திண்ணையில் செய்தது. கால்கவசத்துக்குத் தடித்த அட்டை. முழங்காலுக்குக் கீழே ஒரு சுற்றளவு, ஆடுசதையில் ஒரு சுற்றளவு, கணுக்காலுக்கு மேலே ஒரு சுற்றளவு என மூன்று அளவு எடுப்பார். அட்டையை லேசாக நனைத்து உருண்டைக் கட்டையில் வளைத்துக் காயவைப்பார். மேலே மைதாப் பசை போட்டுத் துணி, அதற்கு மேல் தங்க ரெக்ஸின், ஓரத்தில் சரிகை. இவ்வளவும் யாரும் செய்துவிடலாம். சூட்சுமம் கட்டுவதில் இருக்கிறது.

மேல் நாடா முழங்கால் எலும்புக்கு நேர் கீழே உள்ள குழிவில் உட்கார வேண்டும். அங்கே கால் சற்று ஒடுங்கி, பிறகு ஆடுசதையில் பருக்கிறது. பருத்த இடத்துக்கு மேலே நாடா உட்கார்ந்தால், சதையைத் தாண்டி அது கீழே இறங்காது. இரண்டு விரல் கீழே கட்டினாலும் போச்சு. நடக்கும்போது ஆடுசதை இறுகித் தளர்கிறது. தளரும் ஒவ்வொரு தடவையும் நாடா ஒரு நூல் இறங்கும். கீழ் நாடாவை இறுக்கவே கூடாது. அட்டை முன்னும் பின்னும் ஆடாமல் இருக்க அது போதும். முடிச்சு காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் போட்டால் இரண்டு காலும் உரசி அவிழும்.

தோலின் மேல் நேராகக் கட்டினால் வியர்வையில் வழுக்கும். அதனால் முதலில் பழைய வேட்டித் துணியைக் கிழித்து, சுருக்கம் இல்லாமல் காலில் சுற்றுவார். கனமான கவசம் என்றால் இன்னொரு ஏற்பாடும் உண்டு. மேல் விளிம்பில் ஒரு நாடா தைத்து, கால்சட்டைக்கு உள்ளே ஏற்றி, அரைஞாண் கயிற்றில் முடிந்துவிடுவார். பாரம் இடுப்புக்குப் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு அந்த நாடா தெரியவே தெரியாது.

புது ஆட்கள் பயத்தில் இறுக்கிக் கட்டுவார்கள். அப்பா அதட்டுவார்: “லேய் மக்கா, இறுக்கிக் கட்டினா ரத்தம் நிக்கும். எடம் பாத்துக் கட்டினாத்தான் கவசம் நிக்கும்.”

அப்பா ஐரோப்பிய மாவீரர்களின் கவசத்தைப் பார்த்தவர் இல்லை. ஆனால் அங்கேயும் கதை இதுதான். இடைக்காலத்து இரும்புக் கவசத்தில் தொடைத்தகட்டை, உள்ளே போட்ட பஞ்சுச் சட்டையோடு கயிறு கோத்துக் கட்டினார்கள். காலின் பாரத்தை மேலுடம்பு தாங்கியது. பழைய கிரேக்கர்கள் வேறு வழி கண்டார்கள். வெண்கலத்தை மெல்லிசாக அடித்து ஆடுசதையின் வடிவத்துக்கே வளைத்து, விரித்து மாட்டினால் தானாகக் கவ்விக்கொள்ளும்படி செய்தார்கள். ஜப்பான் சாமுராயின் முழந்தாள்காப்புக்கு மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு. தொங்கவிடு, கவ்வவிடு, அல்லது இடம் பார்த்துக் கட்டு: நம் காலின் வடிவம் வேறு வழிகளை அதிகம் விட்டுவைக்கவில்லை.

கதகளிக் கச்சமணியிலும் இதே அறிவைப் பார்க்கலாம். பரதநாட்டியத்தில் சலங்கை கணுக்காலில். கதகளியில் தோல்பட்டையில் வரிசையாகத் தைத்த மணிகள் முழங்காலுக்குக் கீழே ஏறி உட்கார்ந்திருக்கும். நடிகர் பாதத்தின் வெளிவிளிம்பை ஊன்றி, முழங்கால்களை அகட்டி நிற்கிறார். அந்த நிலையில் ஆடுசதை இறுகியே இருக்கிறது. கட்டு நழுவ இடமில்லை. கட்டும் முறையிலும் ஒழுங்கு உண்டு. பல கஜம் துணி சேர்ந்த உடுத்துக்கெட்டு இடுப்பில் ஏறிவிட்டால் நடிகர் குனிந்து தன் காலைத் தொட முடியாது. காலில் ஒரு முடிச்சு தளர்ந்தாலும் இன்னொருவர் மண்டியிட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். தமிழ்நாட்டுக் கட்டைக்கூத்திலும் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் கயிற்றால்தான் உடம்போடு பிணைக்கப்படுகின்றன. அங்கேயும் வேஷம் கட்டுவது தனியாள் வேலை இல்லை.

இங்கே 1970 இல் அப்புக்குட்டன் நாயர் தொடங்கிய மார்கி என்ற அமைப்பு, தளர்ந்துகொண்டிருந்த கதகளிக்குப் பிடிமானம் கொடுத்தது. கிழக்கேகோட்டை கார்த்திகைத் திருநாள் அரங்கில் இன்றும் கதகளி நடக்கிறது. பாலே குழுக்கள்தான் மெலிந்துவிட்டன. அப்பாவின் கடையும் இன்று இல்லை. இப்போது மற்றக் கடைகளுக்குக் கால்கவசம் கேட்டு வருகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மாக்கள். மாறுவேஷப் போட்டிக்கு வேலுத்தம்பி தளவாயோ ஜான்சி ராணியோ வேண்டும். அங்கே கொடுப்பது எலாஸ்டிக் வைத்தது, அல்லது வெல்க்ரோ ஒட்டியது.

வெல்க்ரோவை நான் குறை சொல்ல மாட்டேன். சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், நாயின் ரோமத்தில் ஒட்டிய விதைக்காய்களை உற்றுப்பார்த்துக் கண்டுபிடித்து 1950களில் காப்புரிமை வாங்கியது அது. ஐந்து நிமிஷ மேடைக்கு அருமையான சாமான். ஆனால் தூசியும் நூலும் அடைத்தால் பிடிக்காது. எலாஸ்டிக்கோ வருஷம் இரண்டில் தொய்ந்துபோகும். விடிய விடிய ஆடுகிறவருக்கு இரண்டும் ஆகாது. பருத்தி நாடா வியர்வையை உறிஞ்சி முடிச்சை இறுக்கும், அறுந்தால் முக்கால் ரூபாய்க்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அப்பா சொல்வார். அந்தக் காலத்து விலை மாறிவிட்டது, நாடாவின் குணம் மாறவில்லை.

என் தீர்ப்பு இதுதான். மேடைக்கவசம் என்பது பாதி செதுக்குவேலை, பாதி கட்டுவேலை. செதுக்கியதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கிறோம். கிரீடத்துக்கு விளக்கு போட்டுக் காட்டுகிறோம். கட்டும் துணியையும் கயிற்றையும் அழுக்கு என்று கழற்றி எறிந்துவிடுகிறோம். கழற்றி எறிந்த பிறகு, அந்தக் கவசம் ஓர் உடம்பில் எப்படி நின்றது என்பதைப் பின்னால் வருகிறவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

வீட்டில் பழைய கூத்துச் சாமானோ நாடகக் கவசமோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். துடைத்து வையுங்கள், நாடாவை மட்டும் அறுக்காதீர்கள். அணியறையில் வேஷம் கட்டிவிடும் பெரியவர் யாராவது தெரிந்தவராக இருந்தால், அவர் கைவேலையைப் படம் பிடித்து வையுங்கள். அவர் முடிச்சுப் போடும் கையை நெருக்கமாக எடுங்கள், முகத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.