ராத்திரி மூணு மணி, ஆக்ஸிமீட்டர்ல 98

இந்த எபிசோட் போன மாசமே வந்திருக்கணும். ரெக்கார்ட் பண்ண உட்கார்ந்தா ரெண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிச்சு, தள்ளிப் போட்டுட்டேன். அப்புறம்தான் தோணுச்சு, தள்ளிப்போட வெச்ச விஷயத்தையே பேசிடலாமேன்னு.

2021-ல எனக்கு கோவிட் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்துல போயிடுச்சு. ஆனா அதுக்கப்புறம் ராத்திரி மூணு மணிவாக்குல முழிப்பு வர ஆரம்பிச்சது. நெஞ்சு படபடன்னு அடிக்கும். எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பாதியிலேயே நின்னுடுற மாதிரி இருக்கும். ஆக்ஸிமீட்டரை விரல்ல மாட்டினா 98-னு காட்டும். அம்மா எழுந்து வந்து ஃபேனைக் கூட்டுவாங்க. "அமுக்குவான்தான்டா அது, தலைமாட்டுல இரும்பு வை"ன்னு பாட்டி சொன்னாங்க. அமுக்குவான் வந்தா உடம்பை அசைக்க முடியாதாம். நான் என்னடான்னா எழுந்து பால்கனிக்கு ஓடிட்டு இருந்தேன்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரில ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாங்க. எல்லாம் நார்மல். "ஐடி வேலைதானே? டென்ஷன். யோகா பண்ணுங்க." சரின்னு யோகாவும் பண்ணேன். மூணு மணிக்கு முழிப்பு வந்துகிட்டேதான் இருந்தது.

ஒன்றரை வருஷம் கழிச்சு வேற ஒரு டாக்டர் என்னைப் பத்து நிமிஷம் படுக்க வெச்சார், அப்புறம் பத்து நிமிஷம் நிக்க வெச்சார். படுத்திருந்தப்போ நாடித்துடிப்பு 72, நின்னப்போ 118. ரத்த அழுத்தம் பெருசா இறங்கலை. "இதுக்குப் பேர் பாட்ஸ். டிஸ்ஆட்டோனோமியாவுல ஒரு வகை"ன்னார். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், செரிமானம், வியர்வைன்னு நாம கவனிக்காமலே நடக்குற வேலைகளைப் பார்த்துக்குறது தன்னியக்க நரம்பு மண்டலம். 1898-ல கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் லாங்லி வெச்ச பேர் அது. நம்ம பாஷைல சொன்னா, பேக்ரவுண்ட்ல ஓடுற ப்ராசஸ். அதுல பக் வந்தா டிஸ்ஆட்டோனோமியா. லாக் ஃபைல்ல எர்ரர் எதுவும் இருக்காது, ஆனா சிஸ்டம் தொங்கும்.

பேர் கிடைச்ச அன்னைக்கு ராத்திரியே இதோட வரலாறைத் தேட ஆரம்பிச்சேன். தூக்கம்தான் வரலையே!

அமெரிக்க உள்நாட்டுப் போர் காலம். பிலடெல்பியாவுல டர்னர்ஸ் லேன்னு ஒரு ராணுவ மருத்துவமனை. ஜேக்கப் டா கோஸ்டாங்கிற டாக்டர்கிட்ட வாலிபப் பசங்க வரிசையா வர்றாங்க. படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது, தலைசுத்தல். சிலருக்கு ராத்திரிதான் படபடப்பு அதிகம், தூக்கத்துலேர்ந்து எழுப்பி விட்டுடும். இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. காதை வெச்சுக் கேட்டா இதயத்துல கோளாறு எதுவும் தெரியலை. முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை வெச்சு 1871-ல அவர் ஒரு கட்டுரை எழுதினார். நோய்க்கு அவர் கொடுத்த பேர், 'எரிச்சலடைந்த இதயம்'.

அந்தக் கட்டுரைல ரெண்டு விஷயம் என்னை உலுக்கிடுச்சு. ஒண்ணு, நிறைய பேருக்கு இது காய்ச்சலோ வயித்துப்போக்கோ வந்து போன பிறகுதான் ஆரம்பிச்சிருக்கு. இன்னொண்ணு, இவங்க நாடித்துடிப்பு படுத்தா இறங்குது, எழுந்தா ஏறுதுன்னு அவர் கவனிச்சு எழுதி வெச்சிருக்கார். எனக்குப் பார்த்த அதே படுக்கை-நிலை டெஸ்ட், நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி! அவர் பார்த்த எல்லாருக்கும் பாட்ஸ்தான்னு சொல்ல மாட்டேன். நிஜமான இதய நோய் உள்ளவங்களும், போரோட பயம் உள்ள போய் உட்கார்ந்தவங்களும் அந்த முந்நூறுல இருந்திருப்பாங்க. ஆனா அவர் அவங்க சொன்னதை நம்பினார், எழுதி வெச்சார். அது போதும் எனக்கு.

அதுக்கப்புறம் ஒரே பேர் மாத்துற படலம். 1870-லயே பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் ஆர்தர் மையர்ஸ், சிப்பாய்களோட இறுக்கமான சீருடையும் பட்டைகளும்தான் காரணம்னு சொல்லியிருந்தார். முதல் உலகப்போர்ல தாமஸ் லூயிஸ் இதை 'எஃபர்ட் சிண்ட்ரோம்'னு மாத்தினார். 1941-ல லண்டன் டாக்டர் பால் வுட், இது இதயத்தோட நோயே கிடையாது, மனசுல இருக்கிற பயம்தான்னு முடிவுக்கு வந்தார். அவர் மட்டமான டாக்டர் கிடையாது, அந்தக் காலத்துப் பெரிய இதய நிபுணர். அதனாலதான் அந்த முடிவு அவ்வளவு ஆழமா வேர் பிடிச்சது. எனக்குக் கிடைச்ச "டென்ஷன்" அந்த வேர்லேர்ந்து முளைச்சதுதான்னு நினைக்கிறேன்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அதுக்கு முந்தின வருஷமே, 1940-ல, அமெரிக்காவுல மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மேக்லீன், ஆலன்னு ரெண்டு டாக்டர்கள், எழுந்து நின்னா துடிப்பு ஏறுறதைத் தனிப் பிரச்சனையா எழுதிட்டாங்க. சிகிச்சையும் சொன்னாங்க: கட்டிலோட தலைப்பக்கத்தைத் தூக்கி வெச்சு தூங்குங்க. தட்டையா படுத்தா சிறுநீரகம் ராத்திரில உப்பையும் தண்ணியையும் அதிகமா வெளியே தள்ளும். சாய்வா படுத்தா அது குறையும், ரத்தத்தோட அளவு உடம்புல தங்கும். ஆனா அந்தத் துடிப்பு விஷயத்துக்கு 'பாட்ஸ்'ங்கிற பேரும் வரையறையும் நிலைச்சது 1993-ல. அதே மேயோ கிளினிக்ல ஷாண்டார்ஃபும் லோவும் 16 நோயாளிகளைப் பத்தி எழுதின கட்டுரைல. நடுவுல 53 வருஷம்.

சரி, அந்த 98-க்கு வருவோம். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஜப்பான்ல டகுவோ அவோயாகி 1970-கள்ல உருவாக்கின நுட்பம். 2020-ல நம்ம எல்லார் வீட்டு அலமாரிக்குள்ளயும் வந்துடுச்சு. அது பொய் சொல்லலை. ஆனா அது அளக்குறது ஆக்ஸிஜனை. மூளை மூச்சு விடச் சொல்லி உத்தரவு போடுறது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடைப் பார்த்து. ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-லயே இதைக் காட்டிட்டாங்க. பதட்டத்துல வேக வேகமா மூச்சு இழுத்தா கார்பன் டை ஆக்சைடு இறங்கிடும். மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும், தலை சுத்தும், விரல் மரத்துப் போகும், இன்னும் மூச்சு வேணும்னு தோணும். ஆக்ஸிமீட்டர் பாட்டுக்கு 98 காட்டிட்டே இருக்கும். "நம்பர் நல்லாதானே இருக்கு, அப்போ எனக்குத்தான் பைத்தியமா?"ன்னு நான் பாத்ரூம் கண்ணாடியைப் பார்த்து எத்தனை ராத்திரி கேட்டிருப்பேன்!

அந்த ராத்திரிகள்ல என் பெரிய பயம், தூங்கினா மூச்சு நின்னுடுமோங்கிறது. அப்படி நிஜமாவே ஒரு நோய் இருக்கு. 1962-ல செவரிங்ஹாஸும் மிட்செலும் மூணு நோயாளிகளைப் பத்தி எழுதினாங்க. கழுத்துத் தண்டுவடத்துலயோ மூளைத்தண்டுலயோ ஆபரேஷன் ஆனவங்க. முழிச்சிருக்கும்போது "மூச்சு விடுங்க"ன்னா விடுவாங்க, தூங்கினா மெஷின் வேணும். அதுக்கு 'ஆண்டினின் சாபம்'னு பேர் வெச்சாங்க. ழான் ஜிரோடூவோட 1939 பிரெஞ்சு நாடகத்துலேர்ந்து எடுத்த பேர். ஆண்டின் நீர்தேவதை. அவளைப் பிரிஞ்ச காதலன், உடம்பு தானா செஞ்ச வேலையையெல்லாம் ஒவ்வொண்ணா நினைச்சு நினைச்சு செய்ய வேண்டியதாகுது. உண்மையில நாடகத்துல ஆண்டின் யாரையும் சபிக்கலை, பாவம் அவ பேர் மட்டும் மாட்டிக்கிச்சு. இது ரொம்ப அரிதான நோய். எனக்கு இருந்தது அது கிடையாது. ஸ்லீப் ஸ்டடி எடுத்துதான் அதை நம்பினேன். தூக்கத்துல மூச்சு நிக்கலை, துடிப்புதான் திடீர்னு எகிறி என்னை எழுப்பியிருக்கு. உங்களுக்கும் இந்த மாதிரி இருந்தா, நீங்களே பேர் வெச்சுக்காம முதல்ல அந்த டெஸ்ட்டை எடுங்க. ஸ்லீப் ஆப்னியாவா இருந்தா வைத்தியமே வேற.

இப்போ டாக்டர் சொன்ன அளவு தண்ணி, உப்பு. பிபி இருக்கிறவங்க இந்த உப்புப் பக்கம் வரவே வராதீங்க. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள்ள. முழிப்பு வந்தா இழுக்குறதை விட்டுட்டு, மெதுவா வெளிய விடுறதை மட்டும் எண்ணுறேன். கட்டிலுக்கு அப்பா மொட்டை மாடியிலேர்ந்து ரெண்டு செங்கல் கொண்டு வந்தார். டைல்ஸ் கீறக்கூடாதுன்னு பழைய வேட்டியைக் கிழிச்சு சுத்தி, தலைப்பக்கக் கால் ரெண்டுக்கும் அடியில வெச்சார். முதல் வாரம் முழுக்க சறுக்கிக் கீழயே வந்துட்டு இருந்தேன்.

முழிப்பு இன்னும் வருது, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை. போன வாரம் வந்தப்போ பழக்க தோஷத்துல ஆக்ஸிமீட்டரைத் தேடி எடுத்தேன், அது ஆன் ஆகலை. காலையில கேட்டா, அதுல இருந்த பேட்டரியை அம்மா டிவி ரிமோட்டுக்குப் போட்டுட்டாங்களாம்.