மானூர்க் கல்வெட்டும் மன்றுரிமையும்

பழந்தமிழ் ஊராட்சி என்றவுடன் உத்தரமேரூரையே (கி.பி. 919, 921) சுட்டுதல் நம்மிடை வழக்காயிற்று. ராயகிரி முதலிய ஊர்களை உள்ளடக்கிய பழைய திருநெல்வேலிச் சீமையிலேயே அதனினும் ஒரு நூற்றாண்டு மூத்த சான்று உண்டு. பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில் மானூர் மகாசபையார் செய்த முடிபே அது. நிலப்பங்குடையார் மக்களுள் ஒழுக்கமும் வேதப் பயிற்சியும் உடையாரே, பங்குக்கு ஒருவராக, மன்றாடற்கு உரியர். (அன்று அவையிற் கலந்தாய்தலைக் குறித்த இச்சொல் இன்று கெஞ்சுதலைக் குறிக்கின்றது!) எனவே, இதனைக் குடியாட்சி எனப் போற்றுதல் பொருந்தாது. உரிமை பங்கைச் சார்ந்தது, ஆளைச் சார்ந்ததன்று. பங்கின்றி உழுதார்க்கு அம்மன்றில் இடமில்லை. இன்று ராயகிரிப் பேரூராட்சித் தேர்தலில் 18 அகவை நிரம்பிய வாக்காளர்க்கு நிலமும் வேண்டா, கல்வியும் வேண்டா.

எனினும், அக்கல்வெட்டின் மற்றொரு விதி நம்மை இன்றும் விடுவதாயில்லை. எதற்கும் ‘அன்று’ எனக் குத்துக்கால் செய்வாரும் அவர்க்குத் துணை நிற்பாரும் ஒவ்வொன்றற்கும் ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும். தண்டம் வீண்தடைக்கேயன்றி மறுப்புக்கன்று எனலாம். ஆயின், மறுப்பு எவ்விடத்துத் தடையாகின்றது? விதி வகுத்ததும் மறுப்புக்கு இலக்காவதும் அச்சபையே அன்றோ! இன்று சட்டமன்றத்தார் அவையிற் கூறியதன்பொருட்டு வழக்குக்கு ஆளாகாவாறு அரசமைப்பின் 194ஆம் பிரிவு காக்கின்றது. ஊர்மன்றத்தாரை அப்பிரிவு குறிக்கவில்லை.