1913: அபிஸ்கோவில் தொடங்கிய இரு கதைகள்

ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்திற்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே, தோர்னெத்ரெஸ்க் ஏரியின் தென்கரையில் அமைந்துள்ளது அபிஸ்கோ. மலைச்சரிவில் ஏறிச்செல்லும் பிர்ச் மரக்காடு ஓர் உயரத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே தூந்திரா. காடும் தூந்திராவும் சந்திக்கும் இவ்விடத்தில் 1913 முதல் வானிலை இடைவிடாது பதிவு செய்யப்பட்டு வருகிறது. வடதுருவப் பகுதியின் காலநிலை மாற்றத்தைப் பற்றி எழுதும் எவரும் தவிர்க்க இயலாத தரவுத்தொடர் இது.

இதன் தோற்றத்தை இரும்பிலிருந்து பிரிக்க இயலாது. கிரூனா சுரங்கத்தின் தாதுவை நார்வேயின் நார்விக் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்ல அமைக்கப்பட்ட இருப்புப்பாதை 1903இல் முறைப்படி திறக்கப்பட்டது. அதே ஆண்டில், அப்பாதையை ஒட்டிய வாசியௌரே என்னுமிடத்தில் அறிவியலாளர்கள் சிலர் ஓர் ஆய்வுநிலையத்தை நிறுவினர். 1910இல் அது தீக்கிரையானது. அதன்பின் அபிஸ்கோவில் எழுந்த புதிய நிலையம் 1935இல் ஸ்வீடிய அரச அறிவியல் கழகத்தின் பொறுப்பிலும், 2010இல் ஸ்வீடிய துருவ ஆய்வுச் செயலகத்தின் பொறுப்பிலும் வந்தது.

நிலையம் அளந்தவற்றுள் மூன்று முடிவுகள் முதன்மையானவை. முதலாவது காற்று: 1913க்கும் 2006க்கும் இடையே ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 2.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்து, சுழியம் என்னும் எல்லையைக் கடந்தது. இரண்டாவது மண்: 1978 முதல் அப்பகுதியின் ஒன்பது சதுப்புநிலங்களில், கோடையில் உருகும் மேல்மண்ணின் ஆழம் அளக்கப்பட்டது, அது ஆண்டுக்கு 0.7 முதல் 1.3 சென்டிமீட்டர் வரை கூடியிருந்தது. அதாவது, அடியிலுள்ள நிரந்தர உறைமண் பின்வாங்குகிறது. மூன்றாவது பனி: 1961 முதல் பனியில் குழி தோண்டி, அடுக்கடுக்காக அதன் கடினமும் துகளளவும் குறிக்கப்பட்டன. 1993 முதல் 2009 வரையான காலத்தில் மிகக் கடினமான அடுக்குகளின் எண்ணிக்கை முந்தைய காலங்களைக் காட்டிலும் இருமடங்குக்கு மேல் பெருகியிருந்தது. குளிர்காலத்தின் இடையே பனி உருகி மீண்டும் உறையும்போது இத்தகைய அடுக்குகள் உருவாகின்றன.

ஆனால் அக்குழியின் அடுக்குகளை முதலில் படித்தவர்கள் அறிவியலாளர்கள் அல்லர். பனிமான் மேய்க்கும் சாமி மக்களுக்கு அது அன்றாட வாசிப்பு. வட சாமி மொழியில் காற்றால் இறுகிய கடும்பனி ‘செயர்கா’. அடியில் கிடக்கும் மணல்போன்ற தளர்பனி ‘செயங்ஙாஷ்’. மேய்ச்சல் நிலத்தின் மீது படிந்த பனிக்கட்டித் தகடு ‘த்சுவொஹ்கி’. இவை அனைத்தையும் கருதி, பனிமான் தன் குளம்பால் பனியைத் தோண்டிப் பாசியை எட்ட முடியுமா என்று மதிப்பிடும் சொல் ‘குவொஹ்துன்’.

துருவ மொழிகளில் பனிக்கு எத்தனை சொற்கள் என்று எண்ணும் பழைய வேடிக்கையில் மொழியியலார் சலிப்புற்றுவிட்டனர், சலிப்பும் நியாயமே. இங்கே எண்ணிக்கை பொருட்டன்று. இச்சொற்கள் எந்த அடிப்படையில் பனியை வகுக்கின்றன என்பதே கேள்வி. கருவி அடுக்கின் கடினத்தை அளக்கிறது. ‘குவொஹ்துன்’ அக்கடினத்தால் விளையும் பசியை அளக்கிறது.

அபிஸ்கோவில் பதிவுகள் தொடங்கிய அதே 1913இல், ஸ்வீடிய அரசு பனிமான் மேய்ப்போரின் குழந்தைகளுக்கென ‘நாடோடிப் பள்ளி’ என்னும் தனிக் கல்விமுறையைச் சட்டமாக்கியது. பிற குழந்தைகளுக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த கல்வி. அதுவும் பெரும்பாலும் ஸ்வீடிய மொழியில். பனியைக் கருவியால் எழுதிவைக்கத் தொடங்கிய ஆண்டிலேயே, பனியைச் சொல்லால் அறிந்த தலைமுறையின் மொழி வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. இவ்விரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், எது அறிவு என்பதைக் குறித்து அக்காலம் கொண்டிருந்த ஒரே பார்வையின் இரு விளைவுகளாக இவற்றைக் காணலாம்.

கிரூனாவை அடுத்த லேவாஸ் சாமி சமூகத்தின் மேய்ப்பர்களது பனியறிவையும் அறிவியல் அளவீடுகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த கட்டுரை வெளிவந்தது 2011இல்தான். ஏறத்தாழ நூறாண்டுகள் இடைவெளி. இதற்குள் மேய்ச்சல்நிலப் பனியும் மாறிவிட்டது. மொழியைப் பேசுவோரும் குறைந்துவிட்டனர்.

தவறவிட்ட ஒருநாள் வெப்பநிலையை அண்டை நிலையங்களின் தரவைக்கொண்டு ஓரளவு கணித்து நிரப்ப இயலும். வழக்கொழிந்த சொல்லோடு போய்விட்ட வேறுபாட்டை நிரப்ப அத்தகைய முறை ஏதுமில்லை. ‘1913 முதலான தரவு’ என்று மேற்கோள் காட்டும் ஆய்வுகள், அவ்வாண்டு எதைப் பதிவுசெய்யாமல் விட்டது என்பதையும் ஓர் அடிக்குறிப்பிலாவது சொல்வது முறையாகும்.